பச்சை மரத்தை எங்கே வைக்கலாம்?

மரவேலை: வாசகர் கேள்வியும் பாஸ் பதிலும்

(பதில் எழுதுபவர் தேயிலைத் தொழிற்சாலையில் மரவேலை பார்த்து ஓய்வு பெற்ற பாஸ், அதாவது தச்சர்.)

கேள்வி: வணக்கம் பாஸ் ஐயா. வெலிமடைக்குப் பக்கத்தில் அப்பா வாங்கிப் போட்ட அரை ஏக்கர் காணி இருக்கிறது. ஓரத்தில் நன்றாகப் பருத்த சவுக்கு (கிரவில்லியா) மரங்களும் யூக்கலிப்டஸ் மூன்றும் நிற்கின்றன. வீட்டோடு சேர்த்து ஒரு குசினியும், விறகு, உருளைக்கிழங்கு போட ஒரு கொட்டிலும் கட்டப் போகிறோம். மரக்காலையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வேலைக்குப் பேசிய பாஸ், "மரத்தை வெட்டி அரிந்து அடுத்த கிழமையே கூரை ஏற்றலாம்" என்கிறார். மாமனாரோ, "மூன்று வருஷம் காயாத மரத்தில் கை வைக்காதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— மரக்கறித் தோட்டக்காரர், வெலிமடை

பதில்: தம்பி, கொட்டிலுக்கு உங்கள் பாஸ் சொல்வதைக் கேளுங்கள். கதவு, ஜன்னலுக்கு மாமனார் சொல்வதைக் கேளுங்கள். குசினிக் கூரைக்கு நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் அந்த மரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்போம். நாலுக்கு இரண்டு அங்குலத்தில் பத்தடி நீளமான ஒரு யூக்கலிப்டஸ் சட்டத்தை அரிந்த அன்று தூக்கினால் ஏறக்குறைய 16 கிலோ இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு அதே சட்டம் 10 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். போனதெல்லாம் தண்ணீர்தான். கூரைக்கு 20 சட்டம் ஏற்றினால் 120 லீற்றர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுகிறீர்கள். அந்தத் தண்ணீர் வெளியே போகும்போதுதான் வம்பெல்லாம் வருகிறது.

வெட்டிய உடனே மரம் சுருங்காது. முதலில் நாருக்கு நடுவே உள்ள துவாரங்களில் நிற்கிற தண்ணீர் போகும். அப்போது எடை குறையும், அளவு மாறாது. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நார் காயத் தொடங்கும், மரமும் சுருங்கத் தொடங்கும். முதல் சில கிழமைகளில் "ஒன்றும் ஆகவில்லையே, பாஸ் சொன்னது சரிதான்" என்று தோன்றுவது இதனால்தான். கூலியை வாங்கிக்கொண்டு அவர் போன பிறகுதான் மரம் வேலையைக் காட்டும்.

சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வராது. நீளத்தில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பத்தடிக் கைமரம் ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒன்று) குறைந்தால் அதிகம். அகலத்தில் கதை வேறு. வளையத்தை ஒட்டி அரிந்த பத்து அங்குல யூக்கலிப்டஸ் பலகை அரை அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடும். நடுவிலிருந்து பட்டையை நோக்கி வருகிற மாதிரி அரிந்த பலகை அதில் ஏறக்குறைய பாதிதான் சுருங்கும். பலகை வளைவதும் இந்த வித்தியாசத்தால்தான். பலகையின் தலைப்பைப் பாருங்கள், வளையக்கோடு வில் மாதிரித் தெரியும். காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகை அதற்கு ஏற்ற மாதிரிக் குழியும்.

ஆகவே தூண், வளை, கைமரம் மாதிரி நீளவாக்கில் பாரம் தாங்குகிற மரம் பச்சையாக, அதாவது காயாமல், இருந்தால் சமாளிக்கலாம். கதவு, நிலை, ஜன்னல், தரைப்பலகை, சீலிங், அலுமாரி மாதிரி அகலவாக்கில் அளவு பிசகாமல் பொருந்தி நிற்க வேண்டியதெல்லாம் காய்ந்த மரத்தில்தான். இதில் பேரம் இல்லை.

கொட்டிலை இப்போதே கட்டுங்கள். பலகைச் சுவர் வைப்பதானால் பலகைகளை முட்ட முட்ட அடிக்க வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறி நிற்கட்டும். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஓரத்தில் மட்டும் ஆணி. இரண்டு ஓரமும் அடித்தால் சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளக்கும். கொஞ்சம் இடைவெளி விழுந்தால்தான் என்ன, உருளைக்கிழங்குக்குக் காற்று நல்லது. சவுக்குத் தூணை மட்டும் மண்ணில் புதைக்காதீர்கள். பச்சையோ காய்ந்ததோ, சவுக்கு மண்ணுக்குள் நிற்காது; கறையானும் உளுத்தலும் சேர்ந்து முடித்துவிடும். கொங்கிரீட் கட்டை போட்டு அதன் மேல் இரும்புத் தகட்டில் நிறுத்துங்கள்.

இனி குசினிக் கூரை. தகரம் அல்லது சீட் என்றால் பச்சைச் சட்டம் ஏற்றலாம். ஓடு என்றால் வேண்டாம். பச்சை மரம் பாரத்தோடு காயும்போது வளைந்த வளைவிலேயே உறைந்துவிடும். பிறகு பாரத்தை எடுத்தாலும் நிமிராது. பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றின் முகடு குதிரை முதுகாகக் குழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே. தகரமே போட்டாலும் சட்டத்தை ஒரு அளவு கூட்டி எடுங்கள். நாலுக்கு இரண்டு போதும் என்கிற இடத்தில் ஐந்துக்கு இரண்டு. நீளமான வளைகளுக்கு நடுவில் ஒரு முட்டுக் கொடுத்து, காய்கிற வரைக்கும் அதை எடுக்காமல் விடுங்கள். குசினிக்குள் நடமாட இடைஞ்சல்தான். வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முட்டு இரண்டாம் நாளே அடுப்புக்குள் போய்விடும்.

ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை மரத்தில் ஆணி வெண்ணெயில் இறங்குவதாக நினைத்து எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். காய்ந்ததும் மரம் ஆணியை விட்டு விலகும், ஆணியின் பிடி தளரும். உங்கள் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் அடிக்கிற காற்றுக்கு அந்தத் தகரம் நிற்காது. தகரத்துக்குக் கொக்கி போல்ட் போடுங்கள். வளையும் கைமரமும் சேருகிற இடத்தில் நட் போட்ட போல்ட், இரண்டு பக்கமும் அகலமான வாஷர். ஒரு வெயில் காலம் முடிந்ததும் ஏணி வைத்து ஏறி எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள். எட்டாத இடத்தில் நட் வைக்கிற பாஸுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

எப்போது வெட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பாதி வேலை. மலையின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை ஊற்றும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் அவர்களுக்கு வெயில். உங்கள் ஊவாப் பக்கம் நேர்மாறு. ஐப்பசி தொடங்கி தை வரை மழை, ஆனி, ஆடியில் காய்ந்த காற்று. ஆகவே நீங்கள் மே மாதக் கடைசியில் வெட்டி அரிந்து அடுக்கினால் அந்தக் காற்று முழுவதும் உங்களுக்கு இலவசம். ஓர் அங்குலப் பலகை அந்த ஒரு காலத்திலேயே பெரும்பாலும் காய்ந்துவிடும். இரண்டு அங்குலச் சட்டத்துக்கு அரை வருஷத்துக்கு மேல் வேண்டும். மாமனாரின் மூன்று வருஷம் தடித்த மரத்துக்குப் பொருந்தும், பலகைக்கு அது அநியாயம்.

அடுக்குகிற விதம் தெரிந்தால் மரம் தானே காயும். நான் வேலை செய்த தொழிற்சாலையில் பழைய கொழுந்து வாட்டும் மாடி ஒன்று சும்மா கிடந்தது. பலகைகளை அங்கேதான் அடுக்குவேன். கொழுந்தை வாட்டுகிற மாதிரிதான் மரத்தையும் வாட்ட வேண்டும்: சூடு குறைவாக, காற்று ஓட்டமாக, எல்லா இடமும் ஒரே சீராக. வெயிலில் போட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் நிற்கும், பலகை வெடிக்கும். மழைக்குப் படங்கைச் சுற்றி மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். மேலே மட்டும் தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்து விடுங்கள்.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து, அதன் மேல் முதல் வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓர் அங்குலக் காய்ந்த ரீப்பர் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்று வையுங்கள். மேல் வரிசைத் துண்டு கீழ் வரிசைத் துண்டுக்கு நேர் மேலே வர வேண்டும். இதில் சோம்பல் பட்டால் அடுக்கே பலகையை வளைத்துவிடும். தலைப்புகளில் பழைய பெயின்டோ தாரோ தடித்துப் பூசுங்கள். தலைப்பு வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அடுக்கின் உச்சியில் பாரமான கற்கள். மேல் வரிசை வளைந்து போனால் அது விறகு என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

யூக்கலிப்டஸ் அரிகிறவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மலைநாட்டில் அதிகம் நட்டிருக்கிற கிராண்டிஸ் இனம் நிற்கும்போதே உள்ளுக்குள் இழுவிசையோடு நிற்கிற மரம். வெட்டி விழுந்த உடனே தலைப்பு படார் என்று பிளக்கும். கட்டையின் ஒரே பக்கத்திலிருந்து பலகை பலகையாக அரிந்துகொண்டு போனால் மிச்சக் கட்டை வில்லாக வளையும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று திருப்பித் திருப்பி அரிய வேண்டும். தேவைக்கு மேல் ஒரு அடி நீளம் விட்டு வெட்டுங்கள், தலைப்பு பிளந்தால் கழிக்கலாம். வெட்டிய கட்டையை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். நடுக்குருத்து வருகிற பலகை எதற்கும் ஆகாது. செயின்சோவால் அரிந்தால் ஒவ்வொரு வெட்டிலும் மூன்று நூல் அளவு மரம் தூளாகப் போகும், மரக்காலைப் பட்டிவாளில் அதில் மூன்றில் ஒன்றுகூடப் போகாது. ஆனால் மரக்காலைக்கு லொறியில் ஏற்றினால் வழியில் கடதாசி கேட்பார்கள். சில இன மரங்களைக் கொண்டுபோக வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏற்றுவதற்கு முன் கிராம சேவகரையும் வட்டார வன அலுவலகத்தையும் கேட்டுவிடுங்கள். கூலியையும் இழப்பையும் கூட்டிப் பார்த்தால், மூன்று நாலு மரத்துக்குக் காணியிலேயே அரிவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைசியாக நிலை. நல்ல நேரம் பார்த்து நிலை வைக்க வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில் பச்சை நிலையைச் சுவரோடு கட்டிவிட்டால், சீமெந்துப் பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி விழும், நிலையும் முறுகும். வாசல் நிலை ஒன்றை மட்டும் காய்ந்த பலாவில் வாங்கி நல்ல நேரத்துக்கு வையுங்கள். மற்ற இடங்களில் சுவரில் வாய் விட்டுக் கட்டி, உங்கள் சவுக்கு காய்ந்த பிறகு நிலையைச் செருகுங்கள். பிள்ளையாருக்கு ஒரு நிலை போதும்.

கேள்வி: பாஸ் அண்ணே, தாத்தா காலத்துப் பலா மரம் ஒன்று எங்கள் வளவில் இருக்கிறது. காய்ப்பு நின்றுவிட்டது. என் பெயரில் உறுதி இருக்கிறது. வெட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்? சொந்த மரம்தானே?
— ஆசிரியை, பசறை

பதில்: தங்கச்சி, சொந்தக் காணியிலும் பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் காக்கிறது. பஞ்ச காலத்தில் சோறு போட்ட மரங்கள் அல்லவா. கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். காய்ப்பு நின்றதையும், மரம் வீட்டுக்கு ஆபத்தாக நின்றால் அதையும் எழுதுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் வாள்.

மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பலாவின் வைரத்தை, அதாவது நடுவே உள்ள கெட்டியான பகுதியை, கறையான் எளிதில் தொடாது. மெதுவாகக் காய்கிற மரம், ஆனால் அடங்கிக் காயும், முறுக்கு குறைவு. அரிந்த அன்று மஞ்சள் கிழங்கின் நிறத்தில் இருப்பது நாள்பட நாள்படக் கபிலமாகும், பயப்பட வேண்டாம். வெளியே இருக்கிற வெள்ளைப் பகுதியை மட்டும் நிலைக்கும் கதவுக்கும் சேர்க்காதீர்கள். சேர்த்து அளவு காட்டுகிற ஆளிடம், "வைரத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

கேள்வி: போன வருஷம் வளவில் வெட்டிய அல்பீசியாவிலும் சவுக்கிலும் கோழிக்கூடும் கொட்டிலும் அடித்தேன். இப்போது சட்டத்திலிருந்து கோதுமை மா மாதிரித் தூள் கொட்டுகிறது. சின்னச் சின்ன ஓட்டை. என்ன செய்வது?
— ஹட்டன் வாசகர்

பதில்: உளு விழுந்திருக்கிறது, மரத்தைத் தின்கிற சின்னப் பூச்சி. மாவு மாதிரி மெல்லிய தூள் என்றால் அதுதான். ஓட்டையின் ஓரம் கறுத்து, தூளே கொட்டாமல் இருந்தால் அது வேறு பூச்சி. ஈரமான கட்டையில் மட்டும் வாழும், மரம் காய்ந்ததும் போய்விடும், பொருட்படுத்த வேண்டாம். உங்களுடையது காய்ந்த மரத்திலும் தொடர்ந்து தின்னும். வெள்ளைப் பகுதியில் இருக்கிற மாச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. அல்பீசியாவில் தின்னத் தோதான இடம் தாராளம்.

மரம் பச்சையாக இருந்தபோதுதான் இதற்கு நல்ல மருந்து இருந்தது. அடுத்த முறைக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெண்காரம் (போராக்ஸ்) 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பத்து லீற்றர் சூடான தண்ணீரில் கரையுங்கள். அரிந்து ஒன்றிரண்டு நாளுக்குள், பலகை ஈரமாக இருக்கும்போதே நாலு பக்கமும் தலைப்பும் நனைகிற மாதிரி இரண்டு மூன்று தடவை பூசுங்கள். முக்கி எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி ஒரு மாதம் வையுங்கள். மரத்தின் ஈரமே மருந்தை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு திறந்து, வழக்கம் போலத் துண்டு வைத்துக் காற்றாட அடுக்குங்கள். காய்ந்த மரத்தில் பூசினால் இதே மருந்து மேலோடு நின்றுவிடும். மழை நேராகப் படுகிற இடத்திலும் பயனில்லை, கழுவிக்கொண்டு போகும். கூரைக்கு உள்ளே இருக்கிற மரத்துக்குத்தான் இது. கையுறை போடுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், கோழித் தீனித் தொட்டிக்குப் பூசாதீர்கள்.

இப்போது தூள் கொட்டுகிற சட்டங்களைக் கழற்றி அடுப்பில் போடுவதே மேல். கோழிக்கூட்டுக்கு வைத்தியச் செலவு எதற்கு?

கேள்வி: அமாவாசைக்கு முன் தேய்பிறையில் வெட்டிய மரத்தில் உளு விழாது என்கிறார்களே, உண்மையா?
— பதுளை வாசகர்

பதில்: பெரியவர்கள் சொன்னார்கள், நானும் முடிந்தால் தேய்பிறையில்தான் வெட்டுவேன், அதில் நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அமாவாசையில் வெட்டி, மழைக்குள் சேற்றில் போட்டு வைத்த மரத்தை நிலா காப்பாற்றாது. வெயில் காலத்தில் வெட்டி, சுருக்காக அரிந்து, பட்டையை உரித்து, காற்றாட அடுக்குங்கள். மூங்கில் என்றால் சில கிழமை ஓடுகிற தண்ணீரில் ஊறப் போட்டு மாச்சத்தைக் கரைத்து எடுங்கள். அதற்குப் பலன் நிச்சயம் உண்டு.

கேள்வி: ஐயா, நாங்கள் லயத்தில் இருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்ட சவுக்கு மரங்கள் நிற்கின்றன. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் கொடுத்திருக்கிறார்கள், அது தள்ளி இருக்கிறது. அந்த மரங்களை வெட்டி வீட்டுக்குப் பாவிக்கலாமா?
— தோட்டத் தொழிலாளியின் மகன், மஸ்கெலியா

பதில்: மகன், நட்டதும் தண்ணீர் ஊற்றியதும் உங்கள் தாத்தாதான். ஆனால் லயம் நிற்கிற மண் உங்களுடையதில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இலிருந்து கம்பெனிகள் நிர்வாகத்துக்கு எடுத்தன. நிர்வாகம் மாறியதே தவிர, மண்ணும் அதில் நிற்கிற மரமும் லயத்துக்காரன் கைக்கு வரவில்லை. ராத்திரியில் வெட்டினால் களவு என்று பொலிசுக்குப் போவார்கள். அப்படி ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டு, கூரைக்குச் செலவழிக்க வேண்டிய காசை வழக்குக்குச் செலவழித்த குடும்பம் எனக்குத் தெரியும். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை, ஆனாலும் உங்களை வம்பில் மாட்டிவிட மாட்டேன்.

செய்யக்கூடியது இது. வீடு கட்டுவதற்கு இத்தனை மரம் வேண்டும் என்று தோட்டத்துத் துரைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சங்கத் தலைவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் "வெட்டிக்கோ" என்று சொல்வதை நம்ப வேண்டாம், கடிதம் வாங்குங்கள். காற்றில் சாய்ந்த மரம், கிளை ஒடிந்து லயத்துக்கு மேல் தொங்குகிற மரம் என்றால் இணங்கிக் கொடுக்கிற தோட்டங்கள் உண்டு. உங்கள் ஏழு பேர்ச்சஸுக்குள் மரம் எதுவும் நின்றால், கையில் கிடைத்த பத்திரத்தில் மரங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். அடுத்த வேலையாக எல்லையோரம் இப்போதே நாலு சவுக்குக் கன்று நடுங்கள். உங்கள் மகன் வீடு பெருப்பிக்கும்போது அவனுக்கு அனுமதிக் கடிதம் தேடுகிற வேலை கொஞ்சமாவது குறையும்.

கேள்வி: வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் யூக்கலிப்டஸ் நெருக்கமாக நிற்கிறது. எல்லாவற்றையும் வெட்டிப் புது வீட்டுக்குப் பாவித்து, அந்த இடத்தில் மரக்கறி போடலாம் என்று யோசனை.
— ஹல்துமுல்லை வாசகர்

பதில்: அந்த யோசனையை விடுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது உங்களுக்குப் பக்கத்தில்தானே. வெட்டிய மரத்தின் வேர் அன்றே சாகாது. சில வருஷங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கும், பிறகு உக்கும், அதற்குப் பிறகு வருகிற பெருமழைக்குச் சரிவில் பிடிமானம் இருக்காது. "வெட்டி மூன்று வருஷமாச்சு, ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்கிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம்.

வேண்டிய மரத்தை அங்கொன்று இங்கொன்றாகக் கழித்து எடுங்கள். அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள். யூக்கலிப்டஸ் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். துளிரை மாடு கடிக்காமல் காத்தால் வேரும் உயிரோடு நிற்கும், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கம்பும் கிடைக்கும். மரக்கறிக்கு அந்தச் சரிவு வேண்டவே வேண்டாம். புது வீட்டுக்கு இடம் தெரிவு செய்வதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் மண்சரிவு பற்றி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மரம் அரிவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் தோட்டத்துச் சைப்ரஸை வெட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் காயவைத்து, பெப்ரவரியில் கதவு செய்தோம். ஜூலையில் திறக்கவே முடியவில்லை. மரம் காயவில்லையா?
— இல்லத்தரசி, நுவரெலியா

பதில்: அக்கா, மரம் காய்ந்துவிட்டது, உங்கள் ஊர்தான் காயவில்லை. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்றபடி குடிக்கும், கக்கும். நுவரெலியாவின் மழைக்குளிரில் எவ்வளவு காலம் வைத்தாலும் ஈரம் 15, 18 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கஷ்டம். பெப்ரவரி வெயிலுக்கு இறுக்கமாகப் பொருத்தினால் ஜூலையில் ஊதும். ஜூலையிலேயே கதவைக் கழற்றி, பூட்டுப் பக்கம் கொஞ்சம் சீவுங்கள். அதிகம் சீவினால் மாசியில் சந்து வழியாகக் குளிர் வரும். கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கதவில் அடித்திருக்க மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவார்கள். ஈரம் ஏறுகிற வாசலே அதுதான்.

கேள்வி: மீற்றர் இல்லாமல் மரம் காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?
— பண்டாரவளை வாசகர்

பதில்: அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை எடுத்து, தலைப்பை விட்டு இரண்டடி தள்ளி ஒரு துண்டு வெட்டுங்கள். கடைத் தராசில் நிறுத்து, அந்த எடையைத் துண்டின் மேலேயே எழுதுங்கள். பிறகு அதை அடுப்புச் சூட்டில், கருகாமல், எடை மேலும் குறையாமல் நிற்கிற வரைக்கும் உலர்த்தி மறுபடி நிறுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் பிரித்து நூறால் பெருக்கினால் ஈரத்தின் சதவீதம். 600 கிராம் 500 ஆனால் 20 சதவீதம். கைமரத்துக்குப் போதும், கதவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கணக்குப் பிடிக்காதவர்கள் ஒரு முழுப் பலகையை மாதம் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் அந்த இடத்துக் காற்றில் அது அவ்வளவுதான் காயும்.

கேள்வி: சவுக்கு அரிந்த தம்பிக்குக் கை, கழுத்தெல்லாம் அரிப்பு எடுத்துச் சிவந்துவிட்டது. பூச்சி கடித்ததா?
— ஹாலிஎல வாசகர்

பதில்: பூச்சி இல்லை, சவுக்கேதான். பச்சைச் சவுக்கின் சாறும் தூளும் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லாருக்கும் வராது, ஆனால் வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் மோசமாக வரலாம். நீளக்கைச் சட்டை, கழுத்தில் துவாய், மூக்கை மூடத் துணி. வேலை முடிந்த உடனே சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பைத் தனியாகத் தோய்க்க வேண்டும். முகமோ கண்ணோ வீங்கினால் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவருக்கு இனிச் சவுக்கு வாள் கொடுக்காதீர்கள். பைனோ யூக்கலிப்டஸோ அரியட்டும், அல்லது அடுக்குக்குத் தகரம் போடுகிற வேலையைப் பார்க்கட்டும்.